இரைச்சலில் கேட்க உதவும் கம்பியில்லா ஹெட்செட்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

உழவுக்கு டிராக்டர், சேற்றுழவுக்குப் பவர் டில்லர், இறைப்புக்கு டீசல் என்ஜின், அறுவடைக்கும் கதிரடிப்புக்கும் இயந்திரம் என்று சிறு விவசாயியின் வயலிலும் இரைச்சல் பெருகிவிட்டது. அதே வயலில் சட்டைப் பையில் கைபேசியும் மணி அடிக்கிறது. அறுவடை இயந்திரம் எப்போது வரும், கரும்பு லாரி எங்கே நிற்கிறது, மண்டியில் இன்று வெங்காயம் என்ன விலை என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் தெரிய வருகிறது. ஆகவே புளூடூத் ஹெட்செட் வாங்கும் விவசாயிகளை இப்போது எங்கும் காண முடிகிறது. வாங்கியவர்களில் பலர் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுதான். "வீட்டுத் திண்ணையில் நன்றாகக் கேட்கிறது. டிராக்டரில் ஏறினால் ஒன்றும் கேட்பதில்லை. நான் சொல்வதும் அவருக்குப் புரிவதில்லை" என்கிறார்கள். பெரும்பாலும் கருவி பழுதில்லை. வேலைக்கு ஏற்ற வகையைப் பார்த்து வாங்காததே காரணம்.

காது எவ்வளவு தாங்கும்?

ஹெட்செட்டைப் பற்றிப் பேசுமுன் காதைப் பற்றி அறிந்துகொள்வது அவசியம். ஓசையை டெசிபல் என்ற அளவால் அளக்கிறோம். 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வல்லுநர்கள் வகுத்துள்ள வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் இருக்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 88 டெசிபலுக்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97 என்றால் அரை மணிதான். அறையில்லாத டிராக்டரில் முழு வேகத்தில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது ஓட்டுநரின் காதருகே 90 டெசிபலுக்கு மேல் இருப்பது சாதாரணம். அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது. ஒரு கை நீள தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்காதில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் இந்த இரைச்சலால் சாகின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. நெல்லில் குருத்து போனால் பக்கத்தூர் வெடிக்கும். காதில் அப்படி ஏதும் வெடிப்பதில்லை. முதலில் போவது உச்ச ஓசைகளே. ஆண் குரல் கேட்கும், பெண்கள், குழந்தைகள் பேச்சு தெளிவாக இராது. ச, த, க போன்ற எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறிப்போகும். நானே இதற்குச் சாட்சி. இளம் வயதில் பல ஆண்டுகள் பவர் டில்லர், கதிரடிப்பான் செயல்விளக்கங்களை நடத்தியபோது காதில் எதுவும் வைத்துக்கொண்டதில்லை; வெறும் பஞ்சு கூட இல்லை. (பஞ்சு வைத்தாலும் பெரிய பயன் இல்லை என்பது வேறு.) சில ஆண்டுகளுக்கு முன் காது மருத்துவர் எடுத்த வரைபடத்தில் என் இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் பள்ளத்தில் விழுந்தது போல் இறங்கியிருந்தது. இன்று கூட்டங்களில் பின் வரிசையிலிருந்து ஒரு விவசாயி கேள்வி கேட்டால், அருகில் இருப்பவர் எனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கேதான் ஹெட்செட் ஒரு தீமையும் செய்யக்கூடும். 95 டெசிபல் இரைச்சலில் பேச்சு புரிய வேண்டுமானால் பேச்சின் ஓசை அதைவிட உயர வேண்டும். எனவே நாம் ஒலியளவைக் கடைசி வரை கூட்டிவிடுகிறோம். என்ஜின் ஓசையோடு ஹெட்செட் ஓசையும் சேர்ந்து காதைத் தாக்குகிறது. ஆகவே நல்ல ஹெட்செட் என்பது உரக்கக் கத்தும் ஹெட்செட் அல்ல; வெளி இரைச்சலைத் தடுத்து, குறைந்த ஒலியிலேயே பேச்சைக் கேட்கச் செய்வது.

ஏ.என்.சி. வேறு, ஈ.என்.சி. வேறு

பெட்டியின் மேல் "நாய்ஸ் கேன்சலேஷன்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஏ.என்.சி. என்பது உங்கள் காதுக்காக. ஈ.என்.சி. என்பது எதிரில் பேசுபவரின் காதுக்காக. உங்கள் மைக்கில் விழும் இரைச்சலை அது வடிகட்டி அனுப்புகிறது, அவ்வளவே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நெக்பேண்டுகள் பலவற்றில் ஈ.என்.சி. மட்டுமே இருக்கும். அந்த ஈ.என்.சி.யால் டிராக்டர் இரைச்சல் உங்களுக்குச் சிறிதும் குறையாது.

ஏ.என்.சி. எப்படி வேலை செய்கிறது? வெளி ஓசையை ஒரு சிறு மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையைக் கருவி காதுக்குள் எழுப்புகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து வரப்பு சமமாவது போல இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் 1978-ல் ஒரு விமானப் பயணத்தின்போது இதைக் காதுக் கருவியில் பயன்படுத்த எண்ணினார். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது.

இம்முறை தாழ்ந்த, ஒரே சீரான முழக்கத்துக்கு நன்றாக உதவும். மூன்று சிலிண்டர் டிராக்டர் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுழன்றால் வினாடிக்கு 50 வெடிப்பு நிகழ்கிறது. அந்த முழக்கம் ஏ.என்.சி.க்கு ஏற்றது. ஆனால் கதிரடிப்பானின் கடகட ஓசை, தகரம் அதிரும் ஓசை, திடீர் வெடிச் சத்தம் ஆகியவற்றை அது பிடிப்பதில்லை. அவற்றைத் தடுப்பது காதை இறுக்கமாக மூடும் மெத்தையும் நுரையும்தான். மேலும், பாட்டுக் கேட்கச் செய்த ஏ.என்.சி. கருவியைக் காதுப் பாதுகாப்புக் கருவி என்று கருதலாகாது. பாதுகாப்புக் கருவியில் என்.ஆர்.ஆர். என்ற எண் அச்சிட்டிருக்கும். அதிலும் முழு எண்ணை நம்ப வேண்டாம். 7-ஐக் கழித்துப் பாதியாக்கிக் கொள்ளுங்கள். 25 என்று போட்டிருந்தால் வயலில் 9 டெசிபல் குறைவதாக எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.

மைக் வாயருகே இருக்கட்டும்

எதிரில் இருப்பவருக்கு நம் பேச்சு புரிவது மைக் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. வாயிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் உள்ள மைக்கில் விழும் குரல், 20 செ.மீ. தள்ளியுள்ள மைக்கில் விழுவதைவிட ஏறத்தாழ 20 டெசிபல் கூடுதலாக இருக்கும். என்ஜின் ஓசையோ இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கழுத்தில் தொங்கும் மைக்கைவிட, கன்னத்தோரம் நீண்டு வாயருகே வரும் தண்டு மைக் எவ்வளவோ மேல். விலை உயர்ந்த சிறு இயர்பட்ஸ் கூட இந்த இடத்தில் சாதாரணத் தண்டு மைக்கிடம் தோற்றுவிடும் என்பது என் அனுபவம். மைக்கின் மேல் நுரை உறை இருந்தால் காற்றடிக்கும் ஓசையும் குறையும். கடும் இரைச்சலில் ஈ.என்.சி. மட்டும் உள்ள கருவியில் பேசினால், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் குரல் சிதைந்து போகும்.

எந்த வேலைக்கு எது?

நாள் முழுவதும் டிராக்டர் ஓட்டுபவர், காதை முழுதும் மூடும் பாதுகாப்பு மூடியிலேயே புளூடூத்தும் தண்டு மைக்கும் அமைந்த வகையை வாங்குவது நலம். விலை கூடுதல்தான். கோடையில் வியர்வையும் தொல்லை தரும். ஆனால் காதையும் காத்து, பேச்சையும் தருவது இது ஒன்றே. தலைப்பாகைத் துண்டின் மேல் மாட்டினால் இடுக்கு வழியாக இரைச்சல் புகுந்துவிடும். துண்டுக்கு உள்ளே, காதோடு ஒட்டி மாட்ட வேண்டும்.

அவ்வளவு செலவிட இயலாதவர்கள், காதுக்குள் செருகும் வகையில் ரப்பர் முனையை எடுத்துவிட்டு நுரை முனையைப் பொருத்திக்கொள்ளலாம். விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகி, அது விரியும் வரை பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு காதுக்கு மட்டுமான ஹெட்செட் வாங்கினால் மற்ற காதில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை அடைப்பானை வைத்துக்கொள்ளுங்கள். கன்ன எலும்பின் வழியே ஓசை தரும் கருவியும் கிடைக்கிறது. அது காதைத் திறந்தே விடுவதால் தனியே பாதுகாப்புத் தராது. ஆனால் நுரை அடைப்பானோடு சேர்த்து அணிந்தால் பேச்சு வியக்கத்தக்க தெளிவோடு கேட்கும்.

தூசு, வியர்வை ஆகியவற்றுக்கு ஐ.பி. எண்ணைப் பாருங்கள். முதல் எண் தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. ஐ.பி. 54 நம் வேலைக்குப் போதும். ஐ.பி.எக்ஸ்.4 என்றிருந்தால் தூசுக்குச் சோதிக்கப்படவில்லை என்று பொருள். உமியும் பதரும் பறக்கும் களத்துக்கு அது ஏற்றதல்ல. பித்தான்கள் கைத்தடவலில் அன்றி அழுத்தினால் இயங்குபவையாக இருக்கட்டும். சேற்றுக் கையால் தடவும் வகை வேலை செய்யாது. வெயிலில் நிற்கும் டிராக்டரின் கருவிப் பெட்டியில் ஹெட்செட்டைப் போட்டு வைத்தால் பேட்டரி விரைவில் கெடும்.

கடையில் சோதிக்கும் முறை

அமைதியான கடைக்குள் சோதிப்பதில் பயனில்லை. கடைக்கு வெளியே ஓடும் ஜெனரேட்டர் அல்லது லாரிப் பக்கம் போய் நின்று வீட்டுக்குப் பேசுங்கள். வீட்டிலிருப்பவரை ஐந்து, பதினைந்து, ஐம்பது என்று எண்களை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லி, நீங்கள் திரும்பச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் சொல்லி அவர்கள் திரும்பச் சொல்லட்டும். இது விளையாட்டல்ல. உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு வயலிலிருந்தபடியே பேசி மருந்தளவு கேட்கும் விவசாயிகள் உண்டு. 15 மில்லி என்றதை 50 மில்லி என்று கேட்டால் பயிர் கருகிவிடும். எத்தனை நல்ல ஹெட்செட் இருந்தாலும் மருந்தளவு கேட்கும்போது என்ஜினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்; கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கதிரடிப்பான், தீவனம் நறுக்கும் இயந்திரம், சுழலும் தண்டு, பெல்ட் ஆகியவற்றின் அருகே நெக்பேண்ட் அணியக் கூடாது. தொங்கும் துண்டைப் போலவே அதுவும் சிக்கிக்கொள்ளும். டிராக்டரைச் சாலையில் ஏற்றும்போது ஹெட்செட்டைக் கழற்றிவிட வேண்டும். பின்னால் வரும் பேருந்தின் ஒலிப்பான் கேட்க வேண்டுமல்லவா? இரவில் மோட்டார் போட வரப்பில் நடக்கும்போதும் அப்படியே. அன்றாட வேலை முடிந்ததும் முனைகளைத் துடைத்து வையுங்கள். காதில் சீழோ வலியோ இருந்தால் ஆறும் வரை செருகும் வகையை அணிய வேண்டாம். ஒருவர் அணிந்ததை மற்றவர் அணியவும் வேண்டாம். வேலை முடிந்து இரவில் காதில் ரீங்காரம் கேட்டால், அல்லது மறுநாள் காலை வரை காது மந்தமாக இருந்தால், காது மருத்துவரிடம் காட்டிக் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உள்ளது.