பி.ஜி.பி.: பக்கத்து ரவுட்டரை எவ்வளவு நம்பலாம்?

இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் என்றதும் மிரள வேண்டாம். அடிப்படையில் அது ஒரு ஈதர்நெட் சுவிட்ச். பல கம்பெனிகள் தங்கள் ரவுட்டரை அதில் இணைக்கின்றன. நம் நாட்டில் 2003-ல் தொடங்கிய நிக்சி செய்வதும் இதுதான்.

எதிராளியின் ஐ.பி. முகவரி, ஏ.எஸ். எண் இரண்டையும் இருபக்கமும் கொடுத்தால் டி.சி.பி. 179-ஆம் போர்ட்டில் பேச்சு தொடங்கிவிடும். ஆபத்து அதற்கப்புறம்தான். பில்டர் போடாவிட்டால், பி.ஜி.பி. எதிராளி சொல்வதை அப்படியே நம்பும்!

2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட 208.65.153.0/24 என்ற ரூட் வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ /22. ரவுட்டருக்கு நீளமான பிரிபிக்ஸ்தான் பெரிது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் அவுட். மேலே இருந்த கம்பெனி பில்டர் போட்டிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

ஆகவே எதிராளி பதிவு செய்த பிரிபிக்ஸை மட்டும் உள்ளே விடுங்கள். உங்களுடையதையும் உங்கள் கஸ்டமருடையதையும் மட்டும் வெளியே சொல்லுங்கள். மேக்சிமம் பிரிபிக்ஸ் வரம்பும் வேண்டும்: வழக்கமாக 50 ரூட் அனுப்புபவருக்கு 100 வைத்தால், திடீரென 5000 வரும்போது செஷன் தானே அறுந்துவிடும். அறுந்தால் கஸ்டமர் கத்தமாட்டானா? டிராபிக் அப்ஸ்ட்ரீம் லிங்கில் சுற்றிக்கொண்டு போகும். காசுதான் கொஞ்சம் கூட. ப்ராக்ஸி ஆர்ப்பையும் அணைத்துவிடுங்கள், சுவிட்ச் பொதுச்சொத்து.

கடைசியாக, சிஸ்கோவில் 'ஷோ ஐ.பி. பி.ஜி.பி. சம்மரி' அடித்துப் பாருங்கள். 'ஆக்டிவ்' என்று வந்தால் சந்தோஷப்படாதீங்க, இணைப்பு இன்னும் வரலைன்னு அர்த்தம். அந்த இடத்தில் எண் தெரிந்தால்தான் செஷன் வந்தாச்சு. அத்தனை ரூட் உள்ளே வந்திருக்கிறது.