எழுதியவரின் முகவரிக்கு எந்த டேக்? எச்.டி.எம்.எல் குறிப்புகள்

1. கட்டுரைக்குக் கீழே எழுதியவரின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் போட 'அட்ரஸ்' டேக் இருக்கிறது. 'டிவ்' போட்டும் இவற்றைக் காட்டலாம்தான். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று டிவ் எதுவும் சொல்லாது. அட்ரஸ் புது வரவும் அல்ல. 1995-ல் வந்த எச்.டி.எம்.எல் 2.0-விலேயே உண்டு.

2. பெயரைப் பார்த்து எல்லா முகவரியையும் அதற்குள் திணிக்காதீர்கள். கல்யாண மண்டபம், ஓட்டல், கோயில் முகவரிகளுக்குச் சாதாரண 'பி' டேக் போதும். வரி உடைக்க 'பிஆர்'. பக்கத்துக்கோ கட்டுரைக்கோ உரியவரைத் தொடர்புகொள்ளும் விவரம் மட்டுமே அட்ரஸுக்குள் வரலாம். அதில் கதவு எண்ணும் பின்கோடும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு மின்னஞ்சல் இணைப்பு இருந்தாலும் சரி.

3. வைக்கும் இடம்தான் முக்கியம். 'ஆர்ட்டிகிள்' டேக்குக்குள் வைத்தால் அந்தக் கட்டுரைக்கான தொடர்பு. எந்த ஆர்ட்டிகிளுக்குள்ளும் இல்லாமல் 'பாடி'யில் வைத்தால் பக்கம் முழுவதற்குமானது. 'செக்‌ஷன்' இந்தக் கணக்கில் வராது. பலர் எழுதும் இணைய இதழ் என்றால், கதாசிரியரின் மின்னஞ்சலை அவர் கதையின் ஆர்ட்டிகிளுக்குள்ளும், இதழாசிரியருடையதைப் பக்கத்தின் அடியிலும் வையுங்கள். இடம் மாறினால் கதைக்கு வரவேண்டிய வசவெல்லாம் இதழாசிரியருக்குப் போகும்!

4. வெளியான தேதியை அட்ரஸுக்குள் சேர்க்கக் கூடாது. அதற்கு 'டைம்' டேக், வெளியே. தலைப்பு டேக்குகள், 'ஹெடர்', 'ஃபுட்டர்', இன்னொரு அட்ரஸ் ஆகியவற்றுக்கும் உள்ளே இடமில்லை. ஃபுட்டருக்குள் அட்ரஸ் இருக்கலாம், அட்ரஸுக்குள் ஃபுட்டர் இருக்கக் கூடாது.

5. பிரவுசர்கள் அட்ரஸைச் சாய்வெழுத்தில் காட்டும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவமே கிடையாது. பிரவுசர் தானாகச் சாய்த்துவைக்கும்போது பார்க்கச் சகிக்காது. இதற்காக டேக்கை மாற்றுவது வீண் வேலை. சி.எஸ்.எஸ்ஸில் 'ஃபான்ட் ஸ்டைல்' என்பதை 'நார்மல்' ஆக்கினால் தீர்ந்தது.

6. தொலைபேசி எண்ணை 'டெல்' இணைப்பாக்கினால் கைபேசியில் தொட்டதும் அழைக்கலாம். இணைப்பில் +91 சேருங்கள், இடைவெளி விடாதீர்கள். சென்னை எண் என்றால் 044-ன் முதல் பூஜ்யத்தை நீக்கி +9144 என்று தொடங்க வேண்டும். வாசகர் கண்ணில் படும் எண்ணை எப்படிப் பிரித்து எழுதினாலும் பாதகமில்லை.

7. ஆசிரியர் பெயருக்கு 'சைட்' டேக் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. புத்தகம், படம், பாட்டு போன்ற படைப்புகளின் தலைப்புக்கு உரியது அது. பெயரை ஆசிரியரின் அறிமுகப் பக்கத்துக்கு இணைப்பாக்கி, 'ரெல்' என்ற ஆட்ரிபியூட்டில் 'ஆத்தர்' என்று கொடுங்கள்.

8. சொந்தக் கைபேசி எண்ணைப் போடுமுன் யோசியுங்கள். பக்கத்தில் இருப்பதை மென்பொருள்கள் வாரிக்கொண்டு போகும். தொடர்புப் படிவத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்து, அதை அட்ரஸுக்குள் வைத்தாலும் முறைப்படி சரியே.