கணிப்பொறியின் வேலை வரிசையை மாற்றுவது எப்படி?

கணிப்பொறி ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்வதுபோல் நமக்குத் தோன்றும். உண்மையில் அதன் செயலகம் ஒவ்வொரு வேலைக்கும் சிறிது நேரம் ஒதுக்கி, மாறி மாறிச் செய்கிறது. எந்த வேலை எப்போது, எவ்வளவு நேரம் என முடிவு செய்வதற்கென்றே ஒரு நிரல் உண்டு. உங்கள் பள்ளியின் பாடவேளை அட்டவணையைப் போன்றது அது.

நாளடைவில் அந்த நிரலில் திருத்தத்தின்மேல் திருத்தம் சேர்ந்து சிக்கலாகிவிடும். அப்போது, வெளியே தெரியும் செயலை மாற்றாமல், உள்ளமைப்பை மட்டும் சீராக்கித் திருத்தி எழுதுவார்கள். செயல்தான் மாறவில்லையே, இதில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா?

1981 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகப் புறப்படவிருந்தது. அதன் நான்கு முதன்மைக் கணிப்பொறிகளும், தனியே எழுதப்பட்ட நிரலைக் கொண்ட ஐந்தாவது கணிப்பொறியும் கால அளவில் ஒத்துப்போகவில்லை. பயணம் ஒத்திவைக்கப்பட்டு, ஏப்ரல் 12 அன்றுதான் நடந்தது. முன்னர் நிரலில் செய்த ஒரு சிறு கால மாற்றமே காரணம். கணிப்பொறிகளை இயக்கத் தொடங்கும்போது 67-இல் 1 என்ற வாய்ப்பில் மட்டுமே அந்தப் பிழை தலைகாட்டும்.

இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சோதனையில் பிழை தென்படாமலிருக்க வாய்ப்பு 66/67. சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், 10 சோதனைகளிலும் தென்படாமலிருக்க வாய்ப்பு 66/67-இன் 10-ஆம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 0.86. 200 முறை சோதித்தாலும் அது தப்பிவிட ஏறத்தாழ 0.05 வாய்ப்பு உண்டு! ஆகவே, "பத்து முறை பார்த்தேன், சரியாகவே இருந்தது" என்பது போதிய சான்றாகாது.

அப்படியானால் என்ன செய்வது? பொறியாளர்கள் மூன்று வழிகளைக் கையாள்கின்றனர்.

முதலாவது, ஒப்பீடு. பழைய நிரலே வேலையை நடத்தும். புதிய நிரலும் அதே தகவல்களைப் பெறும். ஆனால் தன் முடிவைக் குறித்து மட்டும் வைக்கும். இரண்டு முடிவுகளும் வேறுபடும் ஒவ்வோர் இடத்திலும் காரணத்தைத் தேடுவார்கள்.

ஆயினும், குறித்து வைத்த முடிவு செயலுக்கு வந்தால் என்ன விளையும் என்பதை ஒப்பீடு காட்டாது. எனவே இரண்டாவது வழி, படிப்படியான மாற்றம். 100 கணிப்பொறிகள் இருந்தால் முதலில் ஒன்றில் மட்டும் புதியதை இயக்குவார்கள், பிறகு பத்தில், அதன் பின்னரே அனைத்திலும். பிழை இருந்தால் இழப்பு சிறியதாகவே இருக்கும்.

மூன்றாவது, திரும்பும் வழி. பழைய நிரலை உடனே அழிப்பதில்லை. வேண்டியபோது நொடியில் அதற்குத் திரும்ப இயல வேண்டும். புதிய நிரல் எழுதிய தகவல்களைப் பழையது படித்தறிய முடிந்தால்தான் இது பயன்படும் என்பதை மறந்துவிடக்கூடாது.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேற்கூறிய பிழை ஒருமுறையேனும் தென்பட 0.9-க்குக் குறையாத வாய்ப்பு வேண்டுமானால், குறைந்தது எத்தனை சோதனைகள் தேவை? மடக்கையைப் பயன்படுத்திப் பாருங்கள். (விடை: 154)