பட்ஜிக் கிளிகளின் முட்டைகள் பொரியாமை: காரணங்களும் பரிகாரமும்

கண்டி நகரைச் சூழவுள்ள கிராமங்களில், நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் சிலரின் வீட்டு விறாந்தையில் ஒரு கம்பிக் கூடு தொங்குவதைக் காணலாம். வயலிற் கதிர் முற்றும்போது தகரம் தட்டிக் கிளியைத் துரத்தும் நாமே, வீட்டிற் கிளிக்குத் தினை வாங்கிக் கொடுக்கின்றோம்! இச்சிறு கிளிகளை நம்மவர் 'லவ் பேட்ஸ்' என்பர். உண்மையில் அப்பெயர் ஆபிரிக்கக் கிளியினமொன்றுக்கு உரியது. இவை அவுஸ்திரேலியாவின் வரண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட பட்ஜிகள். 1840ஆம் ஆண்டில் ஜோன் கூல்ட் என்பவர் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்.

குஞ்சுகளை விற்றாற் பிள்ளைகளின் கொப்பிச் செலவுக்காவது உதவுமென எண்ணி வாங்கியோர், "முட்டை இடுகின்றது, பொரிக்கவில்லை" என முறையிடுவதுண்டு. இவ்விடத்து முதலில் ஆராய வேண்டியது, கூட்டிலிருப்பது உண்மையிற் சோடிதானா என்பதே. வளர்ந்த ஆணின் அலகுக்கு மேலுள்ள மூக்குச்சதை நீலமாகவும், முட்டையிடும் பருவத்துப் பெண்ணினது கபிலமாகவும் இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளை நிற ஆண்களில் மாத்திரம் அது இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ நிற்பதால் ஏமாறுதல் எளிது. இரண்டு பெண்களை ஒன்றாக விட்டாலும் முட்டை வரும். ஆயின் அவற்றிற் கருவிராது. ஒரே முட்டியில் எட்டு, பத்து முட்டைகள் காணப்படின் இதனை ஐயுறுக.

சோடி சரியாயிருந்தும் கருவில்லையெனின், இருக்கைக் கம்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது ஆடினாலும் உருண்டாலும் பறவைகள் சரிவரச் சேர இயலாது. இன்னொன்று, பட்ஜி கூட்டமாக வாழும் பறவை. ஆணின் கூவலைக் கேட்பதே பெண்ணின் சூலகத்தை வளரச் செய்யுமென்பதைப் பார்பரா புரொக்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1965இற் காட்டினார். ஆதலால் தனியொரு சோடி வாளாவிருப்பின், பக்கத்திலே வேறொரு கூட்டில் இன்னுமிரு சோடிகளை வைத்துப் பார்த்தல் நன்று. பல சோடிகளை ஒரே கூட்டில் விடுவோர் சோடிகளின் தொகையிலும் கூடுதலான முட்டிகளைத் தொங்கவிட வேண்டும். இன்றேற் பெண்கள் வாயிலுக்காகச் சண்டையிட்டு, ஒன்றின் முட்டையை மற்றொன்று உடைக்கும்.

நல்ல முட்டைகள் பல நம் அவசரத்தாலேயே கெடுகின்றன. பெண் ஒன்றுவிட்டொருநாள் ஒரு முட்டையாக நான்கு முதல் ஆறு வரை இடும். முதல் முட்டைகளோடேயே அடைகாக்கத் தொடங்குவதாற் குஞ்சுகளும் அவ்வாறே நாள்விட்டு நாள் வரும். முட்டையொன்றுக்கு ஏறக்குறைய 18 நாட்கள் வேண்டும். ஐந்து முட்டைகளெனின் முதற் குஞ்சுக்கும் கடைக் குஞ்சுக்கும் எட்டு நாள் வித்தியாசம். இதனை அறியாதோர் முதற் குஞ்சு வந்ததும் ஏனையவை கூழாயினவென்று எறிந்துவிடுகின்றனர். எறியுமுன், இட்டு ஏழு நாள் சென்ற முட்டையை இருட்டில் டோர்ச் வெளிச்சத்தின்மேற் பிடித்துப் பாருங்கள். சிவந்த நரம்புகள் வேர்போற் படர்ந்திருப்பின் கருவுண்டு, தெளிவாயிருப்பின் இல்லை.

இனி, பறவையின் உயிரையே கொள்ளும் தொல்லையொன்றைக் கூறுவேன். ஒரு மார்கழி மாதம் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பாலுள்ள வீடொன்றுக்குச் சென்றபோது, பெண் கிளியொன்று இறகைச் சிலிர்த்துக் கூட்டின் அடித்தட்டிற் குந்தியிருந்தது. முட்டை வழியில் அடைபட்டிருந்தது. வீட்டுக்காரர் தேங்காயெண்ணெய் பூசி வயிற்றை அமுக்கியிருந்தார். அவர் செய்தது அன்பினாலேயே. எனினும் முட்டை உள்ளே உடைந்து அன்றிரவே பறவை இறந்தது. அதற்கு வயது ஐந்து மாதம். பத்து, பன்னிரண்டு மாதம் நிரம்பாத பெண்ணுக்கு முட்டி கொடுத்தலாகாது. சுண்ணாம்புச் சத்துக் குறைவும், கண்டியின் மார்கழி, தை மாதக் குளிரும் இத்தொல்லையைக் கூட்டும். கணவாய் ஓட்டை எந்நாளும் கூட்டிற் செருகி வைத்தல் வேண்டும். அடைபட்டது தெரிந்தவுடன் பறவையைச் சிறு பெட்டியிலிட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை ஒருபுறம் வைத்து, ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் சூடு கிடைக்கச் செய்க. எல்.ஈ.டி. மின்குமிழ் இதற்கு உதவாது. தாமதியாது மிருக வைத்தியரிடங் கொண்டுசெல்லுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை உண்டு.

மரக்கறி செய்வோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அடைகாக்கும் பெண்ணுக்குப் பொன்னாங்காணியும் கீரையும் நல்லனவே. ஆயின் மருந்து தெளித்த பாத்தியிலிருந்து ஓரிலையேனும் கொடுக்கலாகாது. முப்பது, நாற்பது கிராம் நிறையுள்ள உடம்புக்குச் சிறிதளவு நஞ்சும் பெரிது. தெளிகருவியை விறாந்தையிற் கழுவும் பழக்கத்தையும் விடுக. நம் வளவுகளில் மலிந்து கிடக்கும் ஆனைக்கொய்யாவின் பழமும் இலையும் இப்பறவைக்கு நஞ்சாகும்.

முட்டியின் அடி உட்குழிந்திருக்க வேண்டும். தட்டையான அடியிற் குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து ஊனமாகும். குஞ்சுகள் ஐந்து வாரமளவில் வெளியேறும். ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும். இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் தாமே தின்னத் தொடங்கியதும் முட்டிகளைக் கழற்றி, கொதிநீரிற் கழுவி வெயிலில் உலர்த்தி, அடுத்த பருவம்வரை எடுத்து வைத்துவிடுங்கள்.