குளிசையும் கொழுந்து நிறையும்

‘மருந்துப் பரிசோதனை’ என்றதும், "நம்மளை எலி மாதிரி வச்சுப் பார்க்கப் போறாங்க" என்று லயத்தில் பேச்சு கிளம்பும். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. ஆனால் நம் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் நடந்த ஒரு பரிசோதனையை உலகத்து டாக்டர்மார் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். நோர்வூட் தோட்டங்களில் இருக்கிற நாம் அதை அறிய வேண்டாமா?

அதன் முடிவு 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. இரத்தச்சோகை உள்ளவர்களில் சிலருக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்து சேராத வெறும் குளிசை. பிறகு அவரவர் பறித்த கொழுந்தைக் கணக்கெடுத்தார்கள்.

வெறும் குளிசை எதற்கு? மழை பெய்து மலை துளிர்த்தால் எல்லோருடைய கூடையும் நிறையும். அது குளிசையின் பலனா, மழையின் பலனா? ஒரே காலத்தில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால்தான் தெரியும். இரும்புச்சத்து கிடைத்தவர்களே கூடுதலாகப் பறித்தார்கள். இரத்தம் மிகக் குறைந்திருந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் அதிகம். அவர்களுடைய அன்றாட நடமாட்டமும் கூடியது. எங்களுக்குப் பெரிதாகப் படுவது அதுதான். ‘சோம்பேறி’ என்று ஏச்சு வாங்கிய எத்தனை பேருக்கு உண்மையில் இரத்தம் இல்லாமல் இருந்ததோ!

சரி, வெறும் குளிசை விழுங்கியவருக்கு என்ன நியாயம்? இந்தக் கேள்வி உலகமெங்கும் எழுந்ததுதான். 1964இல் வந்த ஹெல்சின்கிப் பிரகடனம் பலமுறை திருத்தப்பட்டது. நல்ல மருந்து ஏற்கெனவே இருக்குமானால், புதியதை அதனோடுதான் ஒப்பிட வேண்டும், விதிவிலக்கு மிகக் குறைவு என்று அது இப்போது சொல்கிறது.

ஆகவே யாராவது பரிசோதனைக்குக் கூப்பிட்டால், கையெழுத்து வைக்குமுன் தமிழில் விளக்கம் கேளுங்கள். எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? வெறும் மருந்து கிடைக்க வாய்ப்புண்டா? உடம்புக்கு ஏதும் வந்தால் யார் பார்ப்பார்கள்? துரை சொன்னார், கங்காணி சொன்னார் என்பதற்காகச் சேர வேண்டியதில்லை. நடுவில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. விலகினால் வழக்கமான வைத்தியத்தை யாரும் நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. தண்ணீரோடு எடுங்கள், தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம்.