கவசத்துக்குள் ஒரு குழந்தை

எட்டாம் வகுப்பு வெப்பப் பாடத்தை ஓர் எந்திரக் காவலனின் கவசத்தை வைத்து நடத்திய அனுபவத்தை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பள்ளி. பத்து நிமிட அறிவியல் நாடகம் ஒன்றைக் காணொலியாக எடுத்துப் பள்ளித் தொலைக்காட்சியில் எல்லா வகுப்புகளுக்கும் காட்டுவது என்று மன்றத்தில் முடிவானது. கதை மாணவர்களுடையது. 2150இல் வறண்ட வைகையில் ஊற்றுத் தேடி அலையும் ஒரு காவலன். நடிக்க முன்வந்தவள் 35 கிலோ எடையுள்ள மாணவி.

வரையச் சொன்னதும் வகுப்பே சிட்டியை வரைந்தது. ‘எந்திரன்’ 2010இல் வந்த படம். இவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்தது என்றாலும் வீட்டுத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்ததையும், அதில் ஜீனோ என்ற எந்திர நாய் இருந்ததையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. திரைப்படத்தில் கணினி வரைகலை பாதி வேலையைச் செய்துவிடும். நம்மிடம் இருப்பதோ அட்டை, கத்தரிக்கோல், ஒரு கைப்பேசி. அதனால் பழைய தொலைக்காட்சி உதாரணம் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1963 டிசம்பரில் டாலெக் என்னும் உலோகக் கவச உயிரினம் முதன்முதலில் தோன்றியது. கால் இல்லாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பது கதாசிரியர் டெரி நேஷனின் விருப்பம். வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக். உள்ளே ஒருவர் உட்கார்ந்துகொண்டு இயக்க வேண்டும் என்று அவர் முதலில் முடிவு செய்தார். உட்கார்ந்த மனிதரைச் சுற்றித்தான் கூட்டை வரைந்தார். ஆள் முதலில், கூடு பிறகு. இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வரைந்த தாள்களையெல்லாம் ஓரமாக வைக்கச் சொன்னேன்.

மாணவியைத் தரையில் படுக்க வைத்து, தோழிகள் சுண்ணக்கட்டியால் உடலைச் சுற்றிக் கோடிட்டார்கள். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என எங்கெல்லாம் உடல் மடங்குகிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டார்கள். வட்டத்தின் மேல் அட்டை வரக்கூடாது என்பது விதி. பழக்கடையிலிருந்து வந்த பெட்டிகளின் நெளியட்டையைக் கையால் வளைத்துப் பார்த்தபோது, நெளி ஓடும் திசையில் விறைப்பாகவும் குறுக்கே எளிதில் வளைவதாகவும் இருப்பதைக் கண்டார்கள். மார்புத் தகட்டில் நெளி மேலிருந்து கீழாகவும், முன்கை உறையில் கையின் நீளவாக்கிலும் வந்தது அப்படித்தான்.

அடுத்தது வெப்பம். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம் எத்தனை அழகு! ஆனால் சிலைக்கு வியர்க்காது. நடிக்கும் பிள்ளைக்கு வியர்க்கும். ஓடியாடும்போது அவள் உடலில் நொடிக்கு ஏறத்தாழ 200 ஜூல் வெப்பம் உண்டாவதாக வைத்துக்கொண்டோம். பத்து நிமிடத்துக்கு 1,20,000 ஜூல். மனித உடலின் சராசரித் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 3,500 ஜூல் அளவில் இருக்கும். 35 கிலோ உடலிலிருந்து வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால் வெப்பநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். வகுப்பு அமைதியானது. ஒரு டிகிரி என்றால் காய்ச்சல் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த வெப்பம் முழுவதையும் வெளியேற்ற 50 மில்லி வியர்வை போதும், ஆனால் அது ஆவியாக வேண்டும். இதைக் காட்ட இரண்டு வெப்பநிலைமானிகளின் குமிழில் ஈரத்துணி சுற்றி நிழலில் தொங்கவிட்டோம். ஒன்றின் மேல் பாலித்தீன் உறையை இறுக்கிக் கட்டினோம். திறந்திருந்த மானி இறங்கியது. உறையிட்டது இறங்க மறுத்தது. எத்தனை டிகிரி என்பது அன்றைய காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. மதுரை வெயிலில் வேறுபாடு நன்றாகவே தெரியும். கடலோரப் பள்ளிகளில் குறைவாக இருக்கலாம்.

அப்படியானால் முதுகுத் தகடு வேண்டாம் என்றது ஒரு குழு. “முதுகு தெரிஞ்சா அதைக் கவசம்னு யாரு டீச்சர் நம்புவா?” என்றான் ஓவியம் வரைபவன். வாதம் ஒரு பாடவேளை முழுவதும் நடந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கடைசியில் நடிக்கப்போகும் மாணவியே எழுந்து, “கேமரா முன்னாடிதானடா நிக்குது. நான் திரும்பவே மாட்டேன்” என்றாள். காவலன் எதிரிக்கு முதுகு காட்டாதவன் என்று கதையிலும் ஒரு வசனம் சேர்ந்துகொண்டது!

சித்திரைத் திருவிழாவுக்கு உடை தைக்கும் பெற்றோர் ஒருவர் பார்க்க வந்தார். உள்ளே பருத்திச் சட்டை போடுங்கள், பசை ஒட்டாதீர்கள், ஒரு இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள் என்றார். அதன்படி இரண்டு மாணவர்களைக் கவசம் கழற்றும் பொறுப்பில் அமர்த்தினோம். பத்து எண்ணுவதற்குள் முழுவதும் கழன்றுவிட வேண்டும். இந்தப் பயிற்சி முடியும்வரை தலைக்கவசத்தை மாட்டவே விடவில்லை. படப்பிடிப்பு காலை ஒன்பது மணிக்குள், ஒவ்வொரு காட்சிக்கும் இடையில் கவசம் இல்லாமல் நிழலில் ஓய்வு, தண்ணீர். செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் இதை மட்டும் சுருக்கிவிட வேண்டாம்.

இன்னொரு சிக்கல் தலைக்கவசத்தால் வந்தது. வாயசைவு தெரியாததால், இரண்டு பேர் பேசும் காட்சியில் யார் பேசுவது என்று புரியவில்லை. டாலெக் பேசும்போது அதன் தலையிலுள்ள விளக்குகள் மினுக்கும் என்று சொன்னேன். மறுநாளே உடைந்த பொம்மையிலிருந்து சிவப்பு எல்.இ.டி. ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மின்கலம், மின்தடை, அழுத்து சாவி ஆகியவற்றைத் தொடரிணைப்பில் கோத்து, சாவியைக் கையுறையின் கட்டைவிரலில் வைத்தார்கள். வசனத்தோடு விரலை அழுத்தப் பழக அவளுக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.