கரண்டு போனா எது மறக்கும்?

அன்னூர் தோட்டத்துல அப்புச்சியோட போர் மோட்டார் தினம் எத்தனை நேரம் ஓடுதுன்னு கணக்கு வெக்க, ஆர்டுயினோ ஊனோவுல ஒரு பெட்டி செய்யப் போறேன்னு சொன்னியே, செய் கண்ணு. கோடு எழுத உக்காரும் முன்னால ஒவ்வொரு எண்ணுக்கும் இதைக் கேட்டுக்கோ: கரண்டு போய் வந்தா இது இருக்கணுமா, போனாப் பரவாயில்லையா?

ஊனோவுல இருக்கிற அட்மெகா328பி சிப்புக்குள்ள மூணு மெமரி இருக்கு. நீ எழுதுற புரோகிராம் ஃபிளாஷில் இருக்கும். 32 கேபி, கரண்டு போனாலும் அழியாது. ஓடும்போது மாறுற வேரியபிள் எல்லாம் எஸ்ரேமில். வெறும் 2 கேபி. மோட்டார் எடுக்கிற நேரத்துல வோல்டேஜ் இறங்கி போர்டு ரீசெட் ஆனாலே போதும், செட்டப் மறுபடி முதல்லேருந்து ஓடும், எஸ்ரேமில் வெச்ச கணக்கு பூஜ்யத்துக்குப் போயிடும். அதனால ஓடின நிமிஷத்தை மூணாவதான ஈஈபிராமில் வை. 1 கேபி, நமக்குத் தாராளம். செட்டப்பில் பழைய கணக்கை அங்கிருந்து படிச்சுக்கோ. புது சிப்பில் ஒவ்வொரு பைட்டும் 255ன்னு இருக்கும், அதைப் பார்த்தா பூஜ்யம்னு எடுத்துக்கோ.

நான் முதல்ல செஞ்ச பெட்டியில லூப் சுத்துற ஒவ்வொரு தடவையும் ஈஈபிராமில் எழுத விட்டுட்டேன். ஒரே இடத்துல 1 லட்சம் தடவை எழுதலாம்னுதான் டேட்டாஷீட் உறுதி சொல்லுது. ஒரு தடவை எழுத 3.3 மில்லிசெகண்ட். பெருக்கிப் பாரு, அஞ்சரை நிமிஷத்துல தீர்ந்துடும்! பீளமேட்டுல வாங்கின மோட்டார் இருபது வருஷமா உழைக்குது, கணக்கு எழுதின இடம் ஒரு நாள் தாங்கலை. நீ மோட்டார் ஓடும்போது மட்டும் கால் மணிக்கு ஒரு தடவை எழுது. தினம் 8 மணி நேரம் ஓடினாலும் எட்டு வருஷத்துக்கு மேல வரும்; நடுவுல கரண்டு போனா கால் மணிக் கணக்குதான் விட்டுப் போகும்.

நொடியை இன்ட்டில் எண்ணாதே. ஊனோவுல அது 2 பைட், 32,767 வரைக்கும்தான். 9 மணி 6 நிமிஷம் தாண்டினா அடுத்த நொடி மைனஸ் 32,768ன்னு காட்டும். அன்சைன்ட் லாங் போடு.

சீரியல் மானிட்டரில் தமிழ்ல காட்டணும்னு ஆசை இருக்கும், எனக்கும் உண்டு. 'மோட்டார்'ங்கிற ஒரு சொல்லே 24 பைட் பிடிக்கும், முடிவுக்கு இன்னொண்ணு. வாசகத்தை எஃப் மேக்ரோவுக்குள்ள போட்டா ஃபிளாஷிலேயே இருந்துக்கும், எஸ்ரேம் மிஞ்சும்.

தோட்டத்துக்குக் கொண்டு போகும் முன்னால வீட்டுலயே பத்துத் தடவை பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பாரு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள மட்டும் கை வெக்காதே தங்கம், அது மூணு ஃபேஸ். அங்க வயர் இழுக்க வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டுக்கோ.